ஒரு பக்கம் டீப் கிளீனிங் செய்த பிறகு பல் கூசுகிறது, ஆடுகிறது: மறுபக்கத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. உட்லண்ட்ஸில் இருக்கிறேன், பேரங்காடியில் காசாளர் வேலை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.1. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். பல் விளக்கும்போது ரத்தம் வருவது வெகுநாளாக உண்டு. வலி என்று எதுவும் இருந்ததில்லை. இந்த வருடம் பல்லைக் காட்டப் போன இடத்தில் ஈறுக்குள் அளந்து பார்த்துவிட்டு, சில இடங்களில் 6, 7 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது, எலும்பு கரைந்திருக்கிறது, டீப் கிளீனிங் செய்ய வேண்டும் என்றார்கள். வலது பக்கம் மேலும் கீழும் ஊசி போட்டுச் செய்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. பற்களுக்கு நடுவே ஓட்டை தெரிகிறது, ஆட்டுக்கறி போய் மாட்டிக்கொள்கிறது. கீழ் முன்பல் ஒன்று முன்பைவிட ஆடுகிற மாதிரி இருக்கிறது. ‘சும்மா கிடந்த பல்லைச் சுரண்டிக் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறார் என் அக்கா. இரண்டு வருடமாக முறுக்கு, கச்சாங் பூத்தே எதுவும் கடிப்பதில்லை, வயதாகிறது என்று விட்டுவிட்டேன். போட்டோவில் வாயை மூடித்தான் சிரிப்பேன். அப்படி இருந்தும் நிம்மதியாகத்தான் இருந்தேன். இப்போதுதான் தொல்லை. அடுத்த வாரம் இடது பக்கத்துக்கு அப்பாயின்மென்ட். போகவா, ரத்து செய்துவிடவா?

பதில்: போங்கள். ரத்து செய்ய வேண்டாம். அதற்கு முன் ஒரு காரியம்: கிளினிக்குக்குப் போன் செய்து வலது பக்கக் கூச்சத்தையும் ஆடுகிற கீழ்ப்பல்லையும் சொல்லி, அன்றைய முதல் பத்து நிமிடத்தில் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால் நேரே இடது பக்கத்துக்கு ஊசி போட்டுவிடுவார்கள்.

நீங்கள் எழுதிய மூன்று தொல்லையும் உண்மையானவை, மனப்பிரமை இல்லை. கூச்சம் வாரக்கணக்கில் குறையும். ஆட்டம் மாதக்கணக்கில் குறைய வாய்ப்பு அதிகம். இடைவெளி முழுதாக மூடாது. இந்த மூன்றையும் ஊசி போடுவதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி இருந்திருக்காது. ஈறு சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிற பலர் வலியால் நிறுத்துவதில்லை. ‘முன்னைவிட மோசமாகிவிட்டது’ என்ற பயத்தால் நிறுத்துகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு வருடமாக முறுக்கு கடிப்பதில்லை. 53 வயதில் முறுக்கு கடிக்க முடியாமல் போவதற்கு வயது காரணம் இல்லை. தாங்கும் எலும்பு குறைந்த பல்லில் கடினமானதை வைத்து அழுத்தும்போது அது லேசாக அசையும். அந்த அசைவை மூளை உணர்ந்துகொண்டு அந்தப் பண்டத்தையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறது. முதலில் முறுக்கு போகும், பிறகு கொய்யா, பிறகு எலும்போடு இருக்கிற கறி. ஒவ்வொன்றாகப் போவதால் எதுவும் இழப்பாகத் தெரியாது. வாயை மூடிச் சிரிப்பதும் இதே கணக்குதான்.

பல் மருத்துவ ஆய்வுகளில் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு, ஓஹிப்-14 என்பார்கள், 1997இல் சுருக்கி வெளியிடப்பட்டது. பதினான்கு கேள்விகள். வாயால் பேச்சு தடைப்பட்டதா, ருசி குறைந்ததா, வலித்ததா, சாப்பிடச் சங்கடமாக இருந்ததா, நாலு பேர் முன் கூச்சமாக இருந்ததா, சாப்பாட்டை நடுவில் நிறுத்த வேண்டி வந்ததா, எரிச்சல் வந்ததா என்று இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘மிக அடிக்கடி’ என்றால் 4. மொத்தம் 0 முதல் 56. எண் ஏற ஏற வாய் உங்கள் அன்றாடத்தைக் கெடுக்கிறது என்று அர்த்தம். கத்தி, தையல் இல்லாமல் வேரைச் சுத்தம் செய்யும் முதல் கட்டச் சிகிச்சையிலேயே (உங்களுக்குச் செய்த டீப் கிளீனிங் இதுதான்) இந்த எண் இறங்குவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அந்தத் தாளில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. முறுக்கை விட்டுவிட்டவர் ‘சாப்பிடச் சங்கடமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றுதான் எழுதுவார். சங்கடம் தருவதைத் தொடுவதே இல்லையே! அதனால் நீங்கள் வேறு மாதிரி ஒரு தாள் எழுதிவையுங்கள். இடது பக்கம் செய்வதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து, ஐந்து வருடத்துக்கு முன் சாப்பிட்டு இப்போது சாப்பிடாதவை எவை, எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள், கல்லாவில் வாடிக்கையாளரிடம் பேசும்போது கை வாய்ப்பக்கம் போகிறதா, காலையில் எழுந்ததும் வாயில் என்ன ருசி, துப்பும்போது ரத்தம் எத்தனை நாள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதையே மறுபடி நிரப்புங்கள். சிகிச்சை உங்களுக்கு என்ன செய்தது என்பதை அக்காவின் வார்த்தையைவிட அந்தத் தாள் நன்றாகச் சொல்லும்.

அக்கா சொல்வதிலும் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. பார்வைக்கு அது ‘சும்மா கிடந்த’ பல்தான். சொத்தை இல்லை, உடையவில்லை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். சொத்தைக்கு அது நல்ல காவல். ஈறு நோயை அது தடுக்காது. அதனால்தான் இங்கே ஓட்டையே விழாத நல்ல பல் ஆடி விழுவதைப் பார்க்கிறோம். பல்லும் ஈறும் சேருமிடத்தில் இயல்பாகவே 1 முதல் 3 மி.மீ. பள்ளம் இருக்கும். கிருமிப் படலம் சேர்ந்து, ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரையக் கரைய அந்தப் பள்ளம் 5, 6, 7 என்று இறங்கும். 5 மி.மீ. ஆழத்துக்குப் பிரஷ்ஷும் போகாது, வாய் கொப்பளிக்கும் மருந்தும் போகாது. அங்கே வேரில் ஒட்டியிருக்கும் காரை வெளியே தெரியும் மஞ்சள் காரை மாதிரி இருக்காது. கறுப்பாக, புளியங்கொட்டைத் தோல் நிறத்தில், கல்லாக இறுகியிருக்கும். முற்றிய நோயில் வாய் முழுதும் இருக்கும் பள்ளங்களின் உட்சுவரைப் பிரித்து விரித்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதிகபட்சம் ஈஸிலிங்க் அட்டையில் ஏறக்குறைய பாதி. அந்த அளவுக்குப் புண் கையில் இருந்தால் அன்றே டாக்டரிடம் ஓடுவோம். வாயில் வலிக்காததால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

இனி ஒவ்வொன்றாக.

கூச்சம்

வீங்கிய ஈறு வடியும்போது சுருங்கி மேலேறும். அதுவரை ஈறுக்கும் காரைக்கும் அடியில் மூடியிருந்த வேர் வெளியே வரும். வேருக்கு எனாமல் என்கிற கடின மேலுறை கிடையாது. அதில் இருக்கும் நுண்குழாய்கள் நேரே நரம்புப் பக்கம் போகின்றன. குளிர் பட்டதும் அந்தக் குழாய்களுக்குள் இருக்கும் நீர் நகர்கிறது, அதுதான் அந்த ‘சுரீர்’. முதல் ஒன்றிரண்டு வாரம் உச்சத்தில் இருந்து பிறகு தணியும். மூன்று வாரத்திலும் இருக்கிறது என்பது வழக்கத்துக்கு வெளியே இல்லை, ஆனால் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தேவையில்லை.

கூச்சத்துக்கான பற்பசை ஒன்று வாங்குங்கள். பொட்டாசியம் நைட்ரேட், ஸ்டானஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின் இவற்றில் ஏதாவது ஒன்று அட்டையில் இருக்க வேண்டும், ஃபுளோரைடு 1450 பிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. காலை, இரவு அதாலேயே விளக்குங்கள். இரவில் விளக்கி முடித்த பிறகு பட்டாணி அளவு விரலில் எடுத்து, கூசுகிற பல்லின் ஈறோரத்தில் தேய்த்துவிட்டு அப்படியே படுங்கள். துப்பலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. பலர் இந்தப் பற்பசையை மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரம் தேவை. அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்கில் ஃபுளோரைடு வார்னிஷ் தடவச் சொல்லுங்கள், 5 சதவீதச் சோடியம் ஃபுளோரைடு, ஐந்து நிமிட வேலை. எலுமிச்சை ஜூஸ், ஊறுகாய், அசாம் லக்சா சாப்பிட்ட கையோடு பல் விளக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும்.

கெடுப்பது எது என்றால், கூசுகிறது என்று அந்த இடத்தில் பிரஷ் போடாமல் விடுவது. ஓரிரு நாளிலேயே அங்கே படலம் கட்டும், கூச்சம் கூடும், இன்னும் தள்ளிப்போகும். வேரில் விழும் சொத்தை எனாமல் சொத்தையைவிட வேகமாகப் போகும். தண்ணீர்தான் பிரச்சினை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் விளக்குங்கள்.

சூடு பட்டு நிமிடக்கணக்கில் நிற்கும் வலி, இரவில் தானாக எழுப்பும் வலி, ஈறில் கொப்புளம், சீழ், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் கதை வேறு. ஆழமான பள்ளத்தின் அடியில் காரை மிச்சமிருந்து மேல்பக்க ஈறு மட்டும் இறுகிவிட்டால் உள்ளே சீழ் கட்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். அன்றே போக வேண்டும், அப்பாயின்மென்ட் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

ஆட்டம்

‘காரையை எடுத்தால் பல் ஆடும்’ என்பது நம் வீடுகளில் தலைமுறையாக ஓடுகிற பேச்சு. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கம், நாக்கடியில், உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடம் இருக்கிறது. அதனால் காரை அங்கேதான் அதிகம் சேரும். அது பல்லோடு பல்லை சிமெண்ட் மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் பல் தனித்தனியாக நிற்கும், ஏற்கெனவே எலும்பு போன ஆட்டம் வெளியே தெரியும். கரைந்த எலும்பு காரையை எடுத்ததால் கரைந்தது இல்லை.

சிகிச்சை முடிந்த முதல் சில வாரம் திசு இளகியிருப்பதால் ஆட்டம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. வீக்கம் வற்றி, இழைகள் இறுக, மூன்று மாதத்தில் பல பற்கள் முன்னைவிட உறுதியாகும். அதுவரை அந்தப் பல்லை நாக்கால் தள்ளிப் பார்ப்பதையும் விரலால் ஆட்டிப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். நாளுக்கு முப்பது தடவை சோதித்தால் எந்தப் பல்லும் ஆறாது. அடுத்த வாரம் போகும்போது மருத்துவர் ஆட்டத்தைத் தரம் பார்க்கட்டும்: பக்கவாட்டில் 1 மி.மீ. வரை என்றால் முதல் தரம், அதற்கு மேல் இரண்டாம் தரம், மேலும் கீழுமாக அசைந்தால் மூன்றாம் தரம். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடிக்கிறதா என்று வண்ணக் காகிதம் வைத்துப் பார்த்து லேசாகச் சரிசெய்வார்கள். மெல்லவே முடியாத அளவுக்கு ஆடினால் உள்பக்கமாக மெல்லிய கம்பியோ நாரோ வைத்துப் பக்கத்துப் பற்களோடு கட்டலாம். மூன்றாம் தரப் பல்லைக் காப்பாற்றுவது சிரமம். அதை இப்போதே நேராகச் சொல்லச் சொல்லுங்கள்.

இடைவெளி

பற்களின் நடுவே முக்கோணமாகத் தெரிவது. வீங்கிய ஈறு அதை நிரப்பி வைத்திருந்தது. வீக்கம் போனதும் எலும்பு எங்கே இருக்கிறதோ அந்த மட்டத்துக்கு ஈறு இறங்கும். இதற்கு 1992இல் வெளியான ஓர் அளவீடு இன்றும் கையாளப்படுகிறது. இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் புள்ளியிலிருந்து எலும்பு மேடு 5 மி.மீ.க்குள் இருந்தால் ஈறு அந்த இடத்தை அநேகமாக எப்போதும் நிரப்பியிருந்தது. 6 மி.மீ. என்றால் பாதிக்குச் சற்று மேல், 7 என்றால் நாலில் ஒன்று. உங்களுக்கு எலும்பு இறங்கியிருப்பதால் முழுதாக நிரம்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெய் கொப்பளித்தாலும் நிரம்பாது.

கறி மாட்டுவதற்கு மருந்து, இடுக்கு பிரஷ். உங்கள் மீதி வாழ்க்கையில் இது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கைகொடுக்கப்போகிற பொருள் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கம்பியைச் சுற்றி மயிர் வைத்த குட்டி பிரஷ், மருந்துக்கடைகளில் 0.4 மி.மீ. முதல் 1 மி.மீ.க்கு மேல் வரை அளவில் கிடைக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவு வாய் முழுதும் போதாது. உங்கள் நிலையில் முன்பற்களுக்கு ஒன்று, கடைவாய்க்கு அதைவிடப் பெரிதாக ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டியிருக்கும். சரியான அளவு என்றால் மயிர் இருபக்கப் பல்லையும் உரச வேண்டும், கம்பி உரசக் கூடாது. வழுக்கிக்கொண்டு போனால் சிறிது. வளைந்து திணறினால் பெரிது. முதல் தடவை கிளினிக்கில் கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவர்கள் பார்க்க நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

வீட்டில்: பசை வேண்டாம். ஈறோரத்தில் வைத்து, கன்னப் பக்கத்திலிருந்து நேராக, அழுத்தாமல் லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். மறுபக்கம் மயிர் எட்டிப் பார்த்ததும் முன்னும் பின்னும் மூன்று நான்கு முறை. முதலில் இடப்பக்கப் பல்லை ஒட்டி, பிறகு வலப்பக்கப் பல்லை ஒட்டி. வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசி அடுத்த இடுக்கு. கடைவாயில் வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி இடம் தராது. பாதி மூடிக்கொண்டால் கன்னம் தளர்ந்து பிரஷ் உள்ளே போகும். பிரஷ்ஷின் தலையைக் கழுத்தோடு விரலால் மெல்ல வளைத்துக்கொள்ளலாம், கம்பியை மடக்கி ஒடிக்காமல். முதல் வாரம் ரத்தம் வரும். ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடத் தோன்றும், அந்த இடத்துக்குத்தான் அது தேவை. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலான இடங்களில் நிற்கும். நிற்காத இடத்தை நினைவில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், அங்கே உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது. மயிர் கலைந்ததும் தூக்கி எறியுங்கள். ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், உணவங்காடியில் சாப்பிட்ட பிறகு உதவும். மேசையில் இருக்கும் பல்குத்தும் குச்சி வேண்டாம்; ஆப்பு மாதிரி ஈறைக் கீழே தள்ளும், சிராய் உள்ளே நிற்கும்.

சர்க்கரையும் பிரஷர் மாத்திரையும்

சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றுக்கொன்று எண்ணெய் ஊற்றுகிற ஜோடி. 2018 முதல் உலகெங்கும் பயன்படும் வகைப்பாட்டில் எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஈறு நோய் வேகமாக முற்றும் பிரிவில் சேர்ப்பார்கள். நீங்கள் அதில் வருகிறீர்கள். மறுபக்கம், 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பில், ஈறு சிகிச்சை செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 இறங்கியது. உங்கள் 8.1 அப்படியே 7.7 ஆகிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, சராசரி என்றால் சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. ஆனாலும் வாயைச் சுத்தம் செய்து கிடைக்கிற இந்த அளவு இறக்கம் சின்ன விஷயமில்லை. மாத்திரையை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், பற்களுக்கு நடுவே குமிழ் குமிழாக. அப்படி இருந்தால் பள்ளம் இருப்பதைவிட ஆழமாகக் காட்டும், சுத்தம் செய்வதும் கடினம். பல் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்துவது ஆபத்து. மாற்ற வேண்டுமா என்பதை மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டாலும், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தாலும் அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் சிகரெட் பிடிப்பவர் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு ரத்தம் வராததை ஆரோக்கியம் என்று நினைக்காதீர்கள். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடையாளத்தை மறைக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம்

காலைப் பசியாறி, மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு போங்கள். ‘வாய் சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று வெறும் வயிற்றில் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு போனால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கிப் படபடப்பு வரலாம். அன்று விரதம் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஊசியின் மரப்பு உதட்டில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும்; அது தெளியும்வரை சூடான கோப்பி வேண்டாம், உதடு வெந்தாலும் கடிபட்டாலும் தெரியாது. அன்று வேலைக்கு விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது, கல்லாவில் நின்று வாய் கோணப் பேசுவது தர்மசங்கடம்.

முதல் இரண்டு நாள் கஞ்சி, இட்லி, ஆறிய ரசம் சாதம். சம்பால், கெரோப்போக் வேண்டாம். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு மூன்று நான்கு முறை. வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறு இருந்தால் முதலில் கேளுங்கள். இபுப்ரோஃபென் வகை வேண்டாம், சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருக்கிற சிறுநீரகத்துக்கு அது நல்லதில்லை. குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தால் இரண்டு வாரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், தேநீர், கோப்பி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நாக்கில் ருசியும் மாறும். பல் விளக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளித்தால்தான் பற்பசை அதைச் செயலிழக்கச் செய்யாது.

இடது பக்கத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பள்ளங்களில் இருக்கும் கிருமி ஒரே உமிழ்நீரில்தான் நீந்துகிறது. சுத்தம் செய்த பக்கத்துக்கு மறுபடி குடிவரும். நான்கு வார இடைவெளி பரவாயில்லை. ஆறு மாதம் என்றால் வலது பக்கம் பட்ட பாடு வீண். இன்னொன்று: கூச்சத்தால் நீங்கள் இப்போது இடது பக்கமே மெல்லுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 6, 7 மி.மீ. பள்ளம் இருக்கிற, இன்னும் சிகிச்சையே தொடாத பக்கம் அது.

மூன்று மாதம் கழித்து

இடது பக்கம் முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி அளப்பார்கள். அதற்கு முன் அளக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள், ஆறிவரும் ஒட்டுதலை அளவுகோல் குத்திவிடும். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடம் அளந்து எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பழைய பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது இதுதான்: 4 மி.மீ.யும் அதற்குக் குறைவும், ரத்தம் இல்லாமல் இருக்கிற இடங்கள் எத்தனை? ஒழுங்காகச் செய்த முதல் கட்டச் சிகிச்சையில் ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் பள்ளம் சராசரியாக 1.7 மி.மீ. குறைகிறது, நாலில் மூன்று பங்குப் பள்ளங்கள் மூடுகின்றன என்று தொகுப்பாய்வு சொல்கிறது. அந்தக் குறைவில் ஒரு பகுதி ஈறு இறுகி ஒட்டுவதால் வருவது, இன்னொரு பகுதி ஈறு சுருங்குவதால் வருவது. உங்களுக்குத் தெரிகிற ‘நீண்ட பல்’ அந்த இரண்டாவது பகுதி.

6 மி.மீ.யும் அதற்கு மேலும் ஆழமாக மிச்சமிருக்கிற இடங்களுக்கு மட்டும் ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை பேச்சுக்கு வரும். அதைச் செய்தால் சில நாள் மறுபடி வீக்கம், மென்உணவு, தையல். பல்லின் ஆயுளுக்கு அது உதவும். ஆனால் வாழ்க்கை லேசானதாக நோயாளி உணர்கிற மாற்றத்தில் பெரும்பகுதி இந்த முதல் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. அதனால் எல்லாப் பற்களுக்கும் அறுவை என்று யாராவது முதல் நாளே சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு நிபுணர் வேண்டும் என்றால் பலதுறை மருந்தகத்திலோ சாஸ் (அரசின் சமூகச் சுகாதார உதவித் திட்டம்) பல் கிளினிக்கிலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ கெண்ட் ரிட்ஜில் இருக்கிற தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையத்துக்கோ போகலாம். கடிதத்தோடு போனால்தான் மானியக் கட்டணம். காத்திருப்பு நீளும், அதனால் கடிதத்தைச் சீக்கிரம் வாங்குங்கள். மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உங்கள் வயதில் அறுவை வகைப் பல் சிகிச்சைகளுக்குத்தான், டீப் கிளீனிங்குக்குக் கைப்பணம்தான். சாஸ் அட்டை இருந்தால் நிறத்துக்கு ஏற்ற மானியம் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம். நிலைமை நன்றாக இருந்தால் ஆறு மாதமாக நீட்டலாம். இதை விட்டவர்களுக்குத்தான் ‘அப்போதே செய்தேன், மறுபடி வந்துவிட்டது’ என்கிற கதை.

முறுக்கைப் பொறுத்தவரை, மறுபரிசோதனை வரை முன்பல்லால் கடிக்க வேண்டாம். வேண்டுமென்றால் உடைத்துக் கடைவாயில் வைத்து மெல்லுங்கள். முன்பல் இடைவெளியை வெள்ளைச் சிமெண்ட் வைத்து மூட முடியும், அழகாகவே வரும். ஆனால் ஈறு முழுதாகச் சுருங்கி நிலைக்குமுன் மூடினால் அடுத்த மூன்று மாதத்தில் அதற்கு மேலே இன்னொரு முக்கோணம் தெரியும், அடைத்த சிமெண்டின் விளிம்பில் படலமும் கட்டும். மறுபரிசோதனைப் பட்டியல் கையில் வருமுன் யார் செய்துதருகிறேன் என்றாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.